பானைக்கு முன் இருந்த பெயர்

ஆறாம் வகுப்பில் யாருக்குப் பட்டப்பெயர் வேண்டுமென்றாலும் மின்னலிடம்தான் வர வேண்டும். வேண்டாம் என்று சும்மா இருந்தாலும் அது தானாக வந்துசேரும்.

எப்போது பார்த்தாலும் ரப்பர் கடன் கேட்கும் பையனுக்கு ‘ரப்பர்’ என்று பெயர். முதல் மணி அடித்ததுமே சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிடும் பெண் ‘கேன்டீன்’. இரண்டும் மின்னல் வைத்தவை. ‘மின்னல்’ என்பதையும் அவளே தனக்கு வைத்துக்கொண்டாள். வேறு யாராவது முந்திக்கொள்வதற்குள் நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஓட்டப் பந்தயத்தில் அவள் கடைசிக்கு முந்தின ஆளாகத்தான் வருவாள் என்பது வேறு விஷயம். அவளுக்குப் பிடித்த பெயர், நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அந்த ஆண்டின் நடுவில் ஒரு புதுப் பையன் வந்து சேர்ந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். உருண்டைத் தலை, மெல்லிய கழுத்து. மிஸ் அவனை வகுப்பின் முன்னால் நிறுத்தி, “உன் பேரைச் சொல்லு” என்றார்.

அவன் சொன்னான். மின்னல் அதைக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவள் கேன்டீனின் காதில், “கவுத்து வெச்ச பானை மாதிரி இல்ல?” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கேன்டீன் களுக்கென்று சிரித்தாள். அது பக்கத்து பெஞ்சுக்குப் போயிற்று. அங்கிருந்து கடைசி பெஞ்சுக்குப் போயிற்று. இடைவேளை மணி அடிப்பதற்குள் புதுப் பையன் ‘பானை’ ஆகிவிட்டான்.

அந்த வகுப்பில் மிஸ் வருகைப்பதிவை எண் சொல்லித்தான் எடுப்பார். “பதினேழு!” என்றால் அவன், “உள்ளேன் மிஸ்!” என்பான். அதனால் அவனுடைய பெயர் அதற்கப்புறம் யார் காதிலும் விழவே இல்லை. யாரும் அதைத் தேடவும் இல்லை.

‘பானை’ என்று கூப்பிட்டால் அவன் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். அதனால் அவனுக்கும் அது பிடித்திருக்கிறது என்று மின்னல் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்கு வசதியாக இருந்தது.

சில மாதங்களில் அவன் முடி காதை மூடும் அளவுக்கு வளர்ந்தது. “பானைக்கு மூடி வந்துடுச்சுடோய்!” என்றாள் மின்னல். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் மிஸ் ‘சொல் மரம்’ செய்யச் சொன்னார். வேறு மொழியிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அது எங்கே பிறந்தது, அதற்கு யாரெல்லாம் சொந்தக்காரர்கள் என்று தேடி, ஒரு பெரிய அட்டையில் மரமாக வரைந்து ஒட்ட வேண்டும்.

மின்னலுக்கு அது அல்வா மாதிரி. அவளுடைய அம்மா மொழிபெயர்ப்பாளர். பிரெஞ்சு மொழியில் வரும் இயந்திரக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பார். சாப்பாட்டு மேசையில் பாதி தட்டுகளுக்கு, மீதி அம்மாவின் கணினிக்கும் தடித்தடியான அகராதிகளுக்கும். அன்று அம்மா துளைபோடும் இயந்திரம் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, எனக்கு ஒரு பிரெஞ்சுச் சொல் வேணும்.”

“எடுத்துக்கோ. எனக்குத்தான் இங்க அளவுக்கு மேல இருக்கே.”

“ஈஸியா இருக்கணும். எல்லாரும் தினம் சொல்ற சொல்லா இருக்கணும்.”

அம்மா திரையைப் பார்த்தபடியே, “தேத்” என்றார்.

“அப்படின்னா?”

“தலை. இங்க திருகாணியோட தலை. மனுஷன் தலைக்கும் அதேதான்.” அம்மா ஓர் அகராதியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, என்னவோ நினைவு வந்ததுபோல் சிரித்தார். “அந்தச் சொல்லோட கதை வேடிக்கையா இருக்கும். ரொம்பக் காலத்துக்கு முன்னாடி லத்தீன்னு ஒரு மொழி பேசினாங்க. பிரெஞ்சுக்கு அதுதான் தாய். அதுல ‘தெஸ்தா’ன்னா மண்பானை. உடைஞ்ச ஓட்டுக்கும் அதே பேர்தான்.”

“பானையா?” மின்னல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

“ஆமா. தலைக்கு லத்தீன்ல வேற நல்ல சொல் இருந்தது. காபுத். ஆனா ஜனங்க விளையாட்டுக்குத் தலையைப் பானைன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. சொல்லிச் சொல்லி அதுவே நிலைச்சுடுச்சு. தெஸ்தாதான் பிரெஞ்சுல தேயத் தேய தேத் ஆயிடுச்சு. இத்தாலியில இன்னும் தலைக்குத் தெஸ்தான்னே சொல்றாங்க.”

“அப்போ அந்த நல்ல சொல்?”

“காபுத்தா? அது ஷெஃப் ஆயிடுச்சு. பிரெஞ்சுல ஷெஃப்னா தலைவர். சமையலறைக்குத் தலைவர்தான் நாம சொல்ற ஷெஃப். நம்ம ‘மண்டை’ மட்டும் என்னவாம்? பழைய பாட்டுல மண்டைன்னா சாப்பிடுற மண்பாத்திரம். சரி, என்னை விடு, இந்தத் திருகாணி என் உயிரை எடுக்குது.”

மின்னல் விடவில்லை. அகராதியைப் புரட்டி இன்னொரு சொந்தத்தையும் பிடித்தாள். பொற்கொல்லர்கள் தங்கம் சுத்தமானதா என்று பார்க்க, அதைச் சின்ன மண்கிண்ணத்தில் போட்டு உருக்குவார்களாம். அந்தக் கிண்ணத்துக்கும் இதே குடும்பப் பெயர்தான். அதிலிருந்துதான் ‘டெஸ்ட்’ என்ற சொல்லே வந்ததாம். தலையும் டெஸ்ட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வைத்த பட்டப்பெயரை எத்தனையோ காலத்துக்கு முன்பே ஒரு நாடே வைத்திருக்கிறது. இரவு வரைக்கும் உட்கார்ந்து மரம் வரைந்தாள். வேரில் ஒரு மண்பானை. கிளைகளில் தேத், தெஸ்தா, டெஸ்ட். உச்சியில் பெரிய இலை ஒன்று. அதில் கண்ணும் காதும் வைத்த ஒரு பானை, மெல்லிய கழுத்து.

மறுநாள் வகுப்பில் அவள் மரத்தை விளக்கியபோது எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். மிஸ் கரும்பலகையில் சொற்களை எழுதிக்கொண்டிருந்தார். மின்னல் கடைசியாக அந்த இலையைக் காட்டினாள்.

“இந்தச் சொல்லோட நெருங்கின சொந்தக்காரர் நம்ம வகுப்புலயே இருக்கார்!”

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ரப்பர் மேசையைத் தட்டினான். “தேத்! தேத்!” என்று கடைசி பெஞ்சு கத்தியது. புதுப் பையன் தன் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டான். அவனும் சிரித்தான். ஆனால் இந்தத் தடவை சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. மின்னல் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நல்லா செஞ்சிருக்கே” என்று சொல்லி மிஸ் அந்த அட்டையைச் சுவரில் மாட்டினார். இலையில் இருந்த முகம் யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த நாள் பதினேழு என்றபோது பதில் வரவில்லை.

“காய்ச்சலாம். திங்கக்கிழமை டெஸ்ட் இருக்கு, இந்தப் பயிற்சித் தாளை யாராவது கொண்டுபோய்க் கொடுக்கிறீங்களா? கடைவீதியில கண்ணாடிக் கடையை ஒட்டித்தான் வீடு” என்றார் மிஸ்.

எதற்கும் முதலில் கை தூக்குவது மின்னலின் பழக்கம். தூக்கிவிட்டாள்.

பள்ளி விட்டதும் நேராகக் கடைவீதிக்குப் போனாள். கண்ணாடிக் கடையை ஒட்டி இருந்தது ஒரு முடிதிருத்தும் கடை. சுழலும் நாற்காலி இரண்டு, சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பவுடர் வாசனை வாசல் வரை வந்தது. கடைக்காரர் ஒரு தாத்தாவின் காதோரத்தில் கத்திரியை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாடிக்குப் போகும் படிக்கட்டு.

“என்ன பாப்பா, யாரு வேணும்?” என்றார் கடைக்காரர்.

“என் கிளாஸ் பையன் ஒருத்தன் இங்க இருக்கான் அங்கிள். இந்தத் தாளைக் கொடுக்கணும்.”

“மாடியில ரெண்டு வீடு. தையல்காரர் பையனும் உங்க ஸ்கூல்தான், எம் பையனும் உங்க ஸ்கூல்தான். யாரு வேணும்னு பேரைச் சொல்லு, கூப்பிடுறேன்.”

மின்னல் வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை. அதாவது, ஒன்று வந்தது. அதைச் சொல்ல முடியாது. அந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் அவளிடம் இல்லை. எத்தனை மாதமாக ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்! அவனுடைய பெயர் அவளுக்குத் தெரியாது.

“பேர் மறந்துடுச்சா?” என்றார் தாத்தா, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தபடி. “கூடப் படிக்கிற பையன் பேரா?”

மின்னலின் காது இரண்டும் சூடாகிவிட்டன. “அவனுக்கு... முடி நிறைய இருக்கும் அங்கிள். காதை மூடி.”

கத்திரி நின்றது.

“அப்போ எம் பையன்தான்” என்றார் கடைக்காரர்.

தாத்தா சிரித்தார். “ஊரு தலையெல்லாம் பளபளன்னு ஆக்கறே, உன் வீட்டுத் தலை மட்டும் புதரா இருக்கு. கேக்கறவங்களுக்கு நீ என்ன பதில் சொல்றே?”

“என்ன சொல்ல?” கடைக்காரர் சீப்பைத் துடைத்தார். “சின்ன வயசுலேர்ந்து வாரம் ஒரு தடவை இந்த நாற்காலியில ஏறி உக்காந்துடுவான். இந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கறதுக்கு முந்தின நாள்கூட நானே ஆசையா வெட்டிவிட்டேன். அதுக்கப்புறம் தலையைக் காட்டவே மாட்டேங்கறான். கிட்ட போனா ஓடறான்.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் முடி வெட்டறவன்னு கூடப் படிக்கிற பசங்களுக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு நினைக்கிறான் போல. கூச்சப்படறான். பெரிய பள்ளிக்கூடம் இல்லையா. நானும் கேக்கலை. கேட்டு அவன் ஆமான்னு சொல்லிட்டா?”

மின்னலுக்கு மட்டும்தான் உண்மையான காரணம் தெரியும். ஒட்ட வெட்டிய அந்த முடி. ‘கவுத்து வெச்ச பானை’. அப்புறம் ‘மூடி வந்துடுச்சு’.

“தாளை அவன்கிட்ட கொடுத்துடுங்க அங்கிள்” என்று சொல்லி, பெஞ்சின்மேல் வைத்துவிட்டு ஓட்டம் பிடித்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக மின்னல் மின்னலாக ஓடியது அன்றுதான். பார்த்துக் கைதட்டத்தான் யாரும் இல்லை.

வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே அம்மா இன்னும் அந்தத் திருகாணியோடு இருந்தார்.

“அம்மா, தலையை முதல்ல பானைன்னு சொன்னது யாரு?”

“யாருக்குத் தெரியும்? அவங்க பேரெல்லாம் யாரும் எழுதி வைக்கலை.”

தப்பித்துவிட்டார்கள் என்று நினைத்தாள் மின்னல். அவளால் தப்பிக்க முடியாது. அவளுடைய வகுப்பில் அத்தனை பேருக்கும் தெரியும்.

“அந்தப் பழைய சொல், காபுத், அது தலைக்குத் திரும்ப வரவே இல்லையா?”

“இல்லை. யாருமே சொல்லலைன்னா சொல் எப்படி வரும்?” அம்மா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “என்னடி, முகம் ஏன் இப்படி இருக்கு?”

“ஒண்ணும் இல்லை” என்றாள். அது பொய். கண்ணை மூடினால் கடைக்காரர் சீப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தன் மகன் தன்னைப் பார்த்துக் கூச்சப்படுகிறான் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நினைப்பு ஒரு கேலியால் வந்தது. அவளுடைய கேலி.

சனிக்கிழமை காலையில் கிளம்பினாள். கடைவீதி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். கண்ணாடிக் கடை வாசலில் நின்று, அங்கே மாட்டியிருந்த கண்ணாடிகளில் தன் முகத்தைப் பார்த்தாள். பெரிய கண்ணாடி, சின்னக் கண்ணாடி, வட்டக் கண்ணாடி, எல்லாவற்றிலும் அவள்தான் இருந்தாள். எதிலும் பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தாள்.

சனிக்கிழமை என்பதால் பெஞ்சு நிறைய ஆட்கள். இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இப்போது ஓடினால் இனிமேல் இந்தப் பக்கமே வர முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

“அங்கிள், உங்க பையன் முடி வெட்டிக்காததுக்கு நீங்க காரணம் இல்லை.”

கடைக்காரர் திரும்பினார்.

“நான்தான். முதல் நாள் வந்தப்போ அவன் தலையைப் பார்த்து நான்தான் பானைன்னு பேர் வெச்சேன். எல்லாரும் அப்படியே கூப்பிடறாங்க. அவன் அதை மறைக்கத்தான் முடி வளக்கறான். உங்களுக்காக இல்லை. நேத்து உண்மையிலேயே எனக்கு அவன் பேர் மறக்கலை அங்கிள். எனக்கு அது தெரியவே தெரியாது.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பெஞ்சில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் தாளை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். தரை முழுக்க யார்யாருடையதோ முடி.

கடைக்காரர் காலியாக இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அவர் கோபத்தோடு கத்துவார் என்று மின்னல் காத்திருந்தாள்.

“அப்போ என் தொழிலுக்காக இல்லையா?” என்றார்.

“இல்லை அங்கிள்.”

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பி மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்தப் பெயர் மின்னலின் காதில் விழுந்தது அன்றுதான். சின்னப் பெயர், நல்ல பெயர். இவ்வளவு நாளும் அது எங்கேயோ தனியாக நின்றுகொண்டிருந்ததுபோல் அவளுக்குத் தோன்றியது.

அவன் இறங்கி வந்தான். காய்ச்சல் விட்டிருந்தது. மின்னலைப் பார்த்ததும் கை தானாகத் தலைக்குப் போயிற்று. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துபோயிற்று.

“ஏன் சொன்னே?” என்றான் அவளிடம். “அப்பா வெட்டினது நல்லா இல்லைன்னுதான் சிரிச்சாங்கன்னு அவர் நினைச்சுடுவாருன்னுதானே நான் சொல்லாம இருந்தேன்!”

அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘இவ்வளவுதானா விஷயம்?’ என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. கடைக்காரர் எழுந்துபோய் மகனின் தோளில் கை வைத்தார். பெஞ்சில் இருந்த ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார்.

“என்னை மன்னிச்சுடு” என்றாள் மின்னல்.

“மன்னிச்சா?” என்றான் அவன். “மன்னிச்சுட்டா அந்தப் பேர் போயிடுமா? திங்கக்கிழமையும் பானைன்னுதானே கூப்பிடுவாங்க? எங்களுக்கெல்லாம் ரப்பர், பானை. உனக்கு மட்டும் மின்னலா?”

அவன் கேட்டது அத்தனையும் சரி. தேத் போய்க் காபுத் திரும்பி வரவே இல்லை. ஒரு நாடே பானையைத் தலையில் வைத்துக்கொண்டுதான் இன்றுவரை நடக்கிறது.

‘யாருமே சொல்லலைன்னா சொல் எப்படி வரும்?’ என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

“போகுமான்னு எனக்குத் தெரியாது” என்றாள் மின்னல். “ஆனா உன் பேரை நான் சொல்லிக்கிட்டே இருப்பேன்.”

“சொன்னா?”

“சொல்லிப் பாக்கறேன்.”

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அவளுக்கும்தான்.

திங்கட்கிழமை மின்னல் எல்லாருக்கும் முன்பே வகுப்புக்குப் போனாள். சுவரில் மாட்டியிருந்த சொல் மரத்தில் அந்த உச்சி இலையை மட்டும் கத்தரித்து எடுத்துக் கிழித்துப் போட்டாள். மரத்தின் உச்சியில் ஒரு ஓட்டை விழுந்தது.

பிள்ளைகள் வந்தார்கள். புதுப் பையன் உள்ளே நுழைந்ததும், “பானை வந்தாச்சு! காய்ச்சல் போச்சா பானை?” என்றான் ரப்பர்.

மின்னல் எழுந்தாள். “அந்தப் பேரை வெச்சது நான். வெச்சிருக்கக் கூடாது. நான் இனிமே அப்படிக் கூப்பிட மாட்டேன்” என்றாள். பிறகு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “வா, உக்காரு” என்றாள்.

வகுப்பே, “ஓஹோ!” என்று கத்தியது. “மின்னலுக்கு என்னாச்சு? இடி விழுந்துடுச்சா?” என்றாள் கேன்டீன். மின்னலின் முகம் சிவந்துபோயிற்று. இப்போது சிரிப்பு அவள் பக்கம் திரும்பியிருந்தது. அது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் உட்காரவில்லை.

அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஸ்கேல் கேட்டாள். பெயர் சொல்லி நன்றி சொன்னாள். பெயர் சொல்லி ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். காற்று அதிகம் என்று பெயர் சொல்லி மூடச் சொன்னாள். டெஸ்ட் தொடங்குவதற்கு முன், பெயர் சொல்லி, “நல்லா எழுது” என்றாள். முடிந்ததும் பெயர் சொல்லி, “நல்லா எழுதினியா?” என்றாள்.

“ஏய், காலையிலேர்ந்து ஏன் அவன் பேரை ஏலம் போடறே?” என்றார் மிஸ்.

“நல்லா இருக்கு மிஸ், அதான்.”

மிஸ் சுவரைப் பார்த்தார். “உன் மரத்துல ஏன் ஓட்டை?”

“அது தப்பா வந்த இலை மிஸ்.”

இடைவேளையில் ரப்பர் அவளைப்போலவே குரலை மாற்றிக்கொண்டு, அவன் பெயரை நீட்டி முழக்கி, “ஜன்னலைத் திற! ஜன்னலை மூடு!” என்று நடித்துக் காட்டினான். எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். மைதானம் முழுக்க அவன் பெயர்தான். கிண்டலுக்குத்தான் சொன்னார்கள். மின்னல் தடுக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்லித்தானே அந்தப் பானையும் நிலைத்தது?

அன்று மாலை மணி அடித்ததும் ரப்பர் திரும்பி, வழக்கம்போல், “உன் ரப்பரைக் கொடுடா” என்றான். கூடவே ஒரு பெயரையும் சொன்னான். கிண்டலாக இல்லை. நினைத்துக்கூடச் சொல்லவில்லை. வாயில் முதலில் வந்தது அதுதான்.

புதுப் பையன் ரப்பரைக் கொடுத்தான். பிறகு மின்னலைத் திரும்பிப் பார்த்தான். கை தலைக்குப் போகவில்லை.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் சொல்ல மாட்டேன். கடைசி பெஞ்சில் இருந்து ‘பானை’ அப்போதும் எட்டிப் பார்த்தது. பார்க்கும்போதெல்லாம் மின்னலுக்குச் சுருக்கென்றது. உடனே அவன் பெயரைச் சொல்வாள். ‘பானை’ கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கொடுத்த காசுக்குக் கறிவேப்பிலையும் தக்காளியும் வாங்கிக்கொண்டு அவள் கடைவீதி வழியாக வந்துகொண்டிருந்தாள். முடிதிருத்தும் கடையிலிருந்து, “பாப்பா, இங்க வா!” என்று குரல் வந்தது.

நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. அப்பா கடைசியாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு, பின்னங்கழுத்தில் பவுடர் தட்டி, தூரிகையால் ஒதுக்கினார். அவர் வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தரையில் அவனுடைய முடி குவியலாகக் கிடந்தது.

கடைக்காரர் துணியை உதறி எடுத்தார். நாற்காலியைச் சுழற்றி அவள் பக்கம் திருப்பினார். ஒட்ட வெட்டிய முடி, உருண்டைத் தலை, மெல்லிய கழுத்து. எல்லாம் முதல் நாள் பார்த்தது போலவே இருந்தது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டான் அவன். அவளை நேராகப் பார்த்துத்தான் கேட்டான்.

அது ஒரு டெஸ்ட் என்று மின்னலுக்குத் தெரிந்தது. அவள் வாய் சும்மா இருக்குமா? நுனிநாக்கில் ஏழெட்டு உவமைகள் வரிசையில் வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“தலை மாதிரி இருக்கு” என்றாள்.

அவன் சிரித்தான். கண்ணாடியில் இருந்த அவனும், கண்ணாடியில் இருந்த அவன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார்கள். மின்னல் அவனைப் பெயர் சொல்லி, “நாளைக்கு ஸ்கூல்ல பாப்போம்” என்று சொல்லிவிட்டு, தக்காளிப் பையை ஆட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.